இருபத்து நாலு நாய், ஒரே கலர்

திருப்பூர் அப்போது நகராட்சிதான். மாநகராட்சி ஆவதற்கு இன்னும் ஓரிரு வருடங்கள் இருந்தன. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீடு நெருப்பெரிச்சல் பக்கம். தெருவுக்குள் நுழைந்தால் வலது கைப்புறம் ஒன்பதாவது கேட். ஐப்பசி மாதத்தில், விட்டு விட்டு மழை பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது.

அதற்கு முன் முப்பத்தோரு வருடம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பகுதிக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். பிசிறு, ஓட்டை, கறை, அளவுக் குறைவு என்று எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. பீஸ்களை எண்ணி எண்ணிக் கடைசியில் எண்ணுவது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. வேலை நின்ற பிறகும் அது நிற்கவில்லை. காலை நடைக்குக் கிளம்பினால் பிள்ளையார் கோயில் வரை ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடி. குனிந்த தலை நிமிராமல் எண்ணிக்கொண்டே போவேன். இடையில் யாராவது வணக்கம் சொன்னால் கணக்கு விட்டுப் போகும் என்று பதில் வணக்கமும் சொல்வதில்லை.

வீட்டில் நானும் மனைவியும் மட்டும். என் வயிற்றுக்கு இட்லிதான் ஒத்துக்கொள்ளும் என்பதால் தினமும் காலையில் இட்லி. இட்லித் தட்டில் குழி எட்டு. ஆனால் சாப்பிட வரும்போது ஏழுதான் இருக்கும். கேட்டால், "ஒண்ணு துணியில ஒட்டிப் பிஞ்சு போச்சுங்க" என்பாள். தினமும் சரியாக ஒன்று ஒட்டும். துணியில்தான் குறை என்று நினைத்து, நானே பார்த்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்து, நல்ல மல் துணி வாங்கி வந்து கொடுத்தேன். அதிலும் ஒன்று ஒட்டியது. முப்பத்தோரு வருடம் துணி பார்த்தவனுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் தெருநாய்கள் அதிகம். எங்கள் தெருவில் மட்டும் ஆறு. ஒருநாள் ராத்திரி குரைப்புச் சத்தத்தில் தூக்கம் கெட்டு எழுந்தேன். சும்மா குறை சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள், ஆதாரம் வேண்டும் என்று வாசலில் விளக்கைப் போட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குரைப்புகளை எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதை அப்படியே மனுவில் எழுதி நகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்தவர் படித்துவிட்டு, நாய் விஷயத்தை இப்போது ஒரு காப்பகத்தாரிடம் விட்டிருக்கிறோம், அங்கே போங்கள் என்று அனுப்பினார்.

காப்பகம் என்பது ஓடாமல் மூடிக் கிடந்த ஒரு பழைய நிட்டிங் கம்பெனி செட். மெஷின்கள் இருந்த இடத்தில் கூண்டுகள். அதை நடத்தியவர் ஒரு பெண் கால்நடை மருத்துவர். முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் டாக்டரம்மா என்றே கூப்பிடுவார்கள். நாய்களைப் பிடித்து வந்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும். அதுதான் அவர் வேலை. ஆறு மாதச் சோதனை அனுமதியில் நடத்திக்கொண்டிருந்தார்.

நான் போனபோது ஒருவர் பக்கத்து வீட்டு நாயைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தன் வீட்டு நாயை விட்டுவிட வேண்டுமாம். இன்னொருவர் மாமரத்தில் குரங்கு ஏறிவிட்டது என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு சாக்குப்பை அசைந்துகொண்டிருந்தது. யாரோ ஐந்து குட்டிகளைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் எண்ணினேன். ஐந்து. இதற்கெல்லாம் நடுவில் டாக்டரம்மா என் மனுவை முழுக்கப் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நானூத்திப் பன்னெண்டுங்களா சார்? நீங்களே எண்ணுனீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு தடவை இருமல்னு சந்தேகம் வந்துச்சு. அதச் சேர்க்கல."

"இவ்வளவு சுத்தமா எண்ற ஆளத்தானுங்க சார் நான் தேடிட்டு இருக்கேன்" என்று சொல்லி ஒரு பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

புகார் கொடுக்கப் போனவன் பதிவேடு எழுதுபவனாகத் திரும்பி வந்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நாய்ங்கள ஒண்ணும் பண்ணீர மாட்டாங்கல்லங்க?" என்று மட்டும் கேட்டாள்.

காப்பகத்தில் நாய் பிடிப்பவர் ஒருவர் இருந்தார். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். நாற்பது வயது, ஒல்லியான ஆள். எந்த நாய் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதை அவர் எழுதி வைப்பதே இல்லை. கேட்டால், "மூஞ்சியப் பாத்தாத் தெரியும்லா ஐயா" என்பார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மனிதனின் ஞாபகத்தை நம்பி ஒரு நிறுவனம் நடக்கலாமா? அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? தெரு மாற்றி விட்டால் அந்தத் தெரு நாய்கள் சேர்ந்து புது நாயைக் கடித்துக் குதறிவிடும். தப்பித்து ஓடினாலும் தன் தெருவைத் தேடிப் போகிற வழியில் லாரியில் அடிபடும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார்.

நான் ஒரு ஏற்பாடு சொன்னேன். கம்பெனியில் வெட்டிய துணிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டுவோம். எந்தக் கட்டு எந்தத் தையல் லைனுக்குப் போக வேண்டும் என்பதை மேலே கட்டியிருக்கிற கலர் நாடா சொல்லிவிடும். படிக்கத் தெரியாதவர்கூடத் தப்பு செய்ய முடியாது. அதையே நாய்க்கும் செய்வோம் என்றேன். ஒரு தெருவுக்கு ஒரு கலர், நாயின் கழுத்தில் ஒரு துணிப்பட்டி. பேப்பர் அட்டை கட்டினால் நாய் தின்றுவிடும், துணி நிற்கும். கூண்டுக்கு நம்பர் போட வேண்டாமா என்று டாக்டரம்மா கேட்டார். கூண்டு மாறலாம், கழுத்து மாறாது என்று பதில் சொன்னேன். அந்த வாக்கியம் அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதலில் நான்கு தெருக்கள், தெருவுக்கு ஆறு நாய், மொத்தம் இருபத்து நாலு. பனியன் கம்பெனி இருக்கும் தெரு சிவப்பு. அதற்குப் பின்னால் டீக்கடைத் தெரு நீலம். பெரிய வீடுகள் இருக்கும் தெரு பச்சை. மனுக் கொடுத்தவன் என்ற உரிமையில் எங்கள் தெருவையும் சேர்த்துவிட்டேன், அது மஞ்சள். பட்டிக்கான துணியை என் பழைய கம்பெனியின் கழிவு கோடவுனில் கேட்டேன். ஒரு மூட்டையையே தூக்கிக் கொடுத்தார்கள். நான்கு கலரும் பளபளவென்று இருந்தன. நாய்க்குத்தானே, இதற்கெல்லாம் செக்கிங் எதற்கு என்று அப்படியே கிழித்துக் கட்டினேன்.

ஆபரேஷன் ஆன நாய் தையலை நக்கக்கூடாது. மற்ற ஊர்களில் அதற்குக் கழுத்தில் பிளாஸ்டிக் வாளி மாதிரி ஒன்றை மாட்டுவார்களாம். திருப்பூரில் அது எதற்கு? குழந்தைகள் டி-சர்ட்டில் குறை கண்டு தள்ளினது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பெண் நாய்க்கு நாலு வயது சைஸ், ஆண் நாய்க்கு ஆறு வயது சைஸ் என்று அளவெடுத்துக் கொடுத்தவன் நான்தான். இருபத்து நாலும் வெள்ளை டி-சர்ட் போட்டு, கலர்ப் பட்டி கட்டி, வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது ஏதோ பள்ளிக்கூட விளையாட்டு விழா மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதிவேட்டில் எழுதினேன்: பழுப்பு பதினைந்து, கருப்பு ஐந்து, வெள்ளை நான்கு. அவ்வளவுதான் எழுதினேன். பட்டிதான் இருக்கிறதே!

நாய் பிடிப்பவருக்கும் என் ஏற்பாட்டில் நம்பிக்கை வந்துவிட்டது. எந்த அளவுக்கு என்றால், "இனி நான் எதுக்கு ஐயா, கலரே சொல்லிரும்லா" என்று அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அந்தப் பத்து நாளும் எனக்கு நல்ல நாட்கள். தெருவில் சத்தமில்லை. அதைவிட, இட்லி எட்டும் முழுதாக வந்தது. நான் வாங்கிக் கொடுத்த துணி பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மனைவி மட்டும் தினமும் சாயங்காலம், "நாய்ங்கள எப்பங்க திரும்ப உடுவீங்க?" என்று கேட்பாள். என் வேலையில் இவ்வளவு அக்கறை அவள் முப்பத்தோரு வருடத்தில் காட்டியதில்லை. மகிழ்ச்சியோடு கலர் ஏற்பாட்டை அவளுக்கு விளக்குவேன். பாதியில் எழுந்து போய்விடுவாள்.

பத்தாம் நாள் விடியற்காலை பிடித்த மழை, கூரை ஓட்டை வழியாகப் பாதியும் பின்பக்க ஓடையிலிருந்து பாதியுமாகச் செட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டது. நான் குடையோடு போய்ச் சேர்வதற்குள் டாக்டரம்மாவும் நாய்களுக்குச் சோறு ஆக்கும் சமையல்கார அம்மாவும் கூண்டுகளைத் திறந்து, நாய்களையெல்லாம் முன்பக்கம் சரக்கு ஏற்றும் மேடைக்கு மாற்றியிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கி எதிரே நின்றிருந்த வடநாட்டுப் பையன்கள் கூட்டம் ஒன்று மேடையைக் காட்டிச் சிரித்தது. "ஹோலி! ஹோலி!" என்றான் ஒருவன்.

பார்த்தேன். இருபத்து நாலு நாய். சிவப்பு நீலத்தில் இறங்கி, நீலம் பச்சையில் இறங்கி, ஒன்றின் மேல் ஒன்று உரசிப் படுத்து, எல்லாக் கழுத்திலும் ஒரே கலர். அதற்குப் பேர் சொல்ல முடியாது. அழுகின கத்தரிக்காய்க் கலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை டி-சர்ட் எல்லாம் கோலம். மஞ்சள் இருந்த சுவடே இல்லை.

மூட்டையில் மிச்சம் இருந்த துணியை எடுக்கப் போனேன். அடியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் எழுதியிருந்தது: "சாயம் இறங்குகிறது. ரிஜெக்ட்." கீழே கையெழுத்து. என்னுடையது.

நான்கு வருடங்களுக்கு முன் நானே வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்துத் தள்ளின சரக்கு! ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் தோளில் ஒட்டக்கூடாது என்று தள்ளியதை இருபத்து நாலு நாய்களின் கழுத்தில் நானே கட்டியிருக்கிறேன். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் காட்டவில்லை. இவ்வளவு வருடம் கழித்து இப்போதுதான் சொல்கிறேன்.

மறுநாள் காலை நகராட்சியிலிருந்து பார்வையிட வருகிறார்கள். நாய்கள் சரியாகத் திரும்ப விடப்பட்டால் அனுமதி தொடரும். இல்லாவிட்டால் காப்பகத்தை மூட வேண்டியதுதான். மூடிவிட்டால் பழையபடி வண்டி வந்து நாய்களை அள்ளிக்கொண்டு போகும், போனவை திரும்புவதில்லை. செட்டிலோ முழங்கால் தண்ணீர். சாயங்காலத்துக்குள் இருபத்து நாலும் அதனதன் தெருவில் இருந்தாக வேண்டும். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நாய் பிடிப்பவருக்குப் போன் போட்டோம். பின்னால் மேளச் சத்தம்.

"கலரப் பாத்து விடுங்க ஐயா!" என்று கத்தினார்.

"கலர் போயிருச்சுங்க!"

"எங்க போச்சு?"

"எல்லாம் ஒரே கலர் ஆயிருச்சு!"

மேளத்தை விட்டுத் தள்ளிப் போனார் போல, சத்தம் குறைந்தது. பிறகு, "கம்பெனித் தெருவுல ஒரு செவல நாயி உண்டும்லா ஐயா. கொஞ்சம் திமிராப் பாக்கும். அத வச்சுக் கண்டுபிடிங்க" என்றார். மேடையைப் பார்த்தேன். பதினைந்து பழுப்பு நாய்களும் என்னைத் திமிராகத்தான் பார்த்தன.

ஒரு டெம்போ பிடித்து, கூண்டுகளை ஏற்றிக்கொண்டு, டாக்டரம்மாவும் நானும் கிளம்பினோம். டிரைவருக்கு நாய் என்றால் பயம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ன நடந்தாலும் இறங்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார்.

முதலில் கம்பெனித் தெரு. பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மா கேட்டில் நின்றிருந்தார். பதிவேட்டோடு போய், இதில் எது உங்கள் தெரு நாய் என்று மரியாதையாகக் கேட்டேன்.

"எங்க தெருவுல நாயே இல்லீங்களே" என்றார்.

"ஆறு நாய் இங்கதானுங்க புடிச்சோம்."

"நாங்க நாயப் பாத்தே வருசக் கணக்காச்சுங்க." அவர் காலுக்குப் பக்கத்தில், கேட்டுக்கு வெளியே, ஒரு நசுங்கின அலுமினியத் தட்டில் தயிர்சாதம் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் தட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "அது காக்காய்க்குங்க" என்றார்.

அடுத்த ஏழு வீட்டிலும் இதே பதில். திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாலு வாரத்துக்கு முன் நானும் அப்படித்தான் மனு எழுதினேன்.

அப்போது கம்பெனியில் ஒரு மணி சங்கு ஊதியது. சாப்பாட்டுக்கு வெளியே வந்த தெக்கத்திப் பெண்கள் நாலைந்து பேர் டெம்போவைக் கடந்தார்கள். டிபன் தூக்கோடு வந்த ஒருத்தி சட்டென்று நின்றாள்.

"ஏட்டி, இங்க பாரு! ஓவர்டைமு! ஏல ஓவர்டைமு, உனக்கு எவன்ல சட்டை போட்டது?"

மூலைக் கூண்டில் ஒரு வெள்ளை நாய், வாலை மட்டுமல்ல, இடுப்பையும் சேர்த்து ஆட்டியது. ஓவர்டைம் என்பதுதான் அதன் பேர். ஓவர்டைம் முடிந்து போகும்போது கேட்டில் வந்து நின்று பெண்களோடு பஸ் நிறுத்தம் வரை நடக்குமாம். அடுத்த நிமிஷம் ஆளாளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். லேட்டாக வருகிறவர்களைப் பார்த்துக் குரைப்பதால் ஒன்றுக்குப் பேர் சூப்பர்வைசர். திமிராகப் பார்க்கும் அந்தச் செவலை அதுதான்! பேர் சொன்னதும் திமிரெல்லாம் போய்க் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தப் பெண்கள் மட்டுமே ஏழு நாயைக் காட்டினார்கள். கேட்டில் நின்ற பட்டுப் புடவை அம்மாவும் மெதுவாகக் கிட்டே வந்து, "லட்சுமி வந்திருக்குதுங்களா?" என்று கேட்டார். லட்சுமி அந்த ஏழில்தான் இருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கேட்ட கேள்விதான் தப்பு. "இது உங்க நாயா?" என்றால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "இங்கே நாய்க்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு பேர் இருக்கிறது. இருபத்து நாலு நாய்க்கும் என் பதிவேட்டில் கலர் இருந்தது. பேர் என்று ஒரு கட்டமே நான் போடவில்லை.

உடனே ஒரு விதி போட்டேன். தெருக்காரர் பேரைச் சொல்ல வேண்டும். அந்தப் பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். நாய் திரும்பிப் பார்த்து வாலாட்டினால்தான் இறக்குவது. சந்தேகம் வரக்கூடாது என்று நானே கூப்பிட்டேன். கூப்பிட்டதை நாய் ஏற்றுக்கொண்டதும் டாக்டரம்மா டி-சர்ட்டைக் கழற்றி இறக்கிவிடுவார். நான் பதிவேட்டில் டிக் அடிப்பேன். அறுபது வயதில், கண்ணாடி போட்டு, கையில் பதிவேட்டோடு, "டைகர், டைகர், டைகர்" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். ஒரு நாய்க்குப் பேர் மாப்பிள்ளை. அதையும் மூன்று தடவை கத்தினேன்.

டீக்கடைத் தெருவில் கணக்கு இடித்தது. ஐந்துதான் தேறியது. "எங்க பால்கோவாவ எங்கீங்க?" என்று டீ மாஸ்டர் கோபமாகக் கேட்டார். வெள்ளை, வாலில் கருப்பு. விசாரித்தால் அதுதான் ஓவர்டைம். பகலில் இங்கே பால்கோவா, சாயங்காலத்துக்கு மேல் அங்கே ஓவர்டைம். நிரந்தர முகவரி எது, தற்போதைய முகவரி எது என்று நான் தீர்மானிப்பதற்குள், முன் தெருவில் இறக்கிவிட்ட அதுவே சந்து வழியாக ஓடிவந்து டீ மாஸ்டர் காலடியில் உட்கார்ந்துகொண்டது. முன் தெருவில் ஏழு, இங்கே ஐந்து, கூட்டினால் பன்னிரண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பெரிய வீட்டுத் தெருவில் ஆறும் ஒழுங்காக இறங்கின.

கடைசியில் எங்கள் தெரு. மணி நாலரை. ஆறு நாய் மிச்சம். தெருவே கூடிவிட்டது. எதிரே வரிசை வீட்டில் குடியிருக்கும் பெண்கள் முதல் கோடி வீட்டுப் பெரியவர் வரை. ஐந்து நாய் ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டது. ஆறாவது ஒரு பழுப்பு நாய். முன்னங்கால் ஒன்றில் மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. சாயம் இறங்கின கழுத்தோடு கூண்டின் ஓரத்தில் உட்கார்ந்து, நான் நகர்ந்த பக்கமெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டேன்.

யாருக்கும் தெரியவில்லை போல என்று நினைத்தேன். ஆனால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கோடி வீட்டுப் பெரியவர் வானத்தைப் பார்த்தார்.

"யாருதும் இல்லைன்னா நாளைக்கு வர்ற வண்டியில ஈரோட்டுக் காப்பகத்துக்கு அனுப்பிர வேண்டியதுதானுங்க சார்" என்றார் டாக்டரம்மா. "செட்டுல வெக்க முடியாது, தண்ணி."

சரி என்று பேனாவை எடுத்தேன். கணக்கு இருபத்து மூன்றில் முடிகிறதே என்ற வருத்தம்தான் எனக்கு.

"ஐயோ, அது இந்தத் தெருவு நாய்தானுங்க!" எதிர் வரிசை வீட்டுப் பெண் பொறுக்க முடியாமல் கத்தினாள். "பேரச் சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"நாய்ப் பேருக்கு நான் ஏனுங்க கோவிச்சுக்கறேன்?"

"செக்கிங்குங்க."

தெரு அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வெளியே வந்தது. தெருவில் எனக்குத்தான் அந்தப் பேர் என்பது எனக்குத் தெரியும். பதினைந்து வருடமாகத் தெரியும். நாய்க்கும் வைத்திருப்பது தெரியாது.

"தெனமும் காத்தால உங்க பின்னாடியே நாலடி தள்ளி வருமுங்க. நீங்க நின்னா நிக்கும். தலையக் குனிஞ்சுட்டே போவும், உங்களாட்டவே. வர்றப்ப ஒவ்வொரு கேட்டா மோந்து பாத்துட்டு வரும். அதான் அந்தப் பேரு" என்றாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதே நாய்தான் அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு தடவை குரைத்ததா என்று கேட்டேன்.

"நீங்க நடுச்சாமத்துல லைட்டப் போட்டு உக்காந்திருந்தா அது என்னுங்க பண்ணும்? யாரோ உங்க ஊட்டு வாசல்ல உக்காந்திருக்காங்கன்னு குரைச்சுதுங்க. நீங்க எந்திரிச்சு உள்ள போனதும் கம்முனு படுத்துருச்சு."

எப்படி இருந்தாலும் விதி விதிதான். பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டும். விதி போட்டவன் நான். கூப்பிட வேண்டியவனும் நான். முழுத் தெருவும் பார்த்துக்கொண்டிருக்க, என் பட்டப்பேரை நானே சொன்னேன்.

"செக்கிங்கு."

அது எழுந்து நின்றது.

"செக்கிங்கு."

காதை நிமிர்த்தியது. புதிதாக வெட்டின காது. வாலாட்டும் வரை இறக்கப் போவதில்லை என்று நின்றேன். மூன்றாவது தடவை கூப்பிட நான் வாயெடுப்பதற்குள் எனக்குப் பின்னால் இருந்து இன்னொரு குரல் அந்தப் பேரைச் சொன்னது. திரும்பினேன். என் மனைவி. கேட்டைத் திறந்துகொண்டு கையில் ஒரு தட்டோடு நின்றிருந்தாள். கூண்டுக்குள் அந்த நாய் போட்ட ஆட்டத்தில் டெம்போ ஆடி, உள்ளே டிரைவர் சாமி பேரெல்லாம் சொல்லிக் கும்பிட்டார்.

டாக்டரம்மா கூண்டைத் திறந்ததும் அது நேராக அவள் காலடிக்குப் போகவில்லை. வழியில் என் செருப்பை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்பது மாதிரி நகர்ந்து, பிறகுதான் போனது. தட்டில் ஒரு இட்லி இருந்தது. முழு இட்லி. எங்கும் பிய்ந்திருக்கவில்லை.

நான் இட்லியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"துணியில ஒட்டலியா?" என்றேன்.

"நீங்க நாயே ஆகாதுன்னு மனுக் கொடுத்தீங்க. நான் எப்படிங்க சொல்றது?" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "பத்து நாளா அந்த ஒரு இட்லி எனக்குத் தொண்டையில எறங்கலீங்க."

எட்டு இட்லியும் முழுதாக வந்ததற்கு நான் சந்தோஷப்பட்ட அந்தப் பத்து நாள் ஞாபகம் வந்தது. நாலை நான் தின்றேன். மிச்சம் நாலையும் அவள் சாப்பிட்டாளா என்று நான் எண்ணவே இல்லை.

மறுநாள் பார்வையிட வந்தவர்கள் பதிவேட்டைக் கேட்டார்கள். கலர்க் கட்டத்தை அடித்துவிட்டு, பேர் என்று ஒரு கட்டம் கோணலாகக் கோடு போட்டுச் சேர்த்திருந்தேன். அவர்களில் மூத்தவர் "ஓவர்டைம் என்கிற பால்கோவா" என்ற வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு முகவரி என்று விளக்கினேன். அனுமதி தொடர்ந்தது. நாய் பிடிப்பவர் ஊரிலிருந்து எனக்குக் கொஞ்சம் கல்யாண முறுக்கு கொண்டுவந்தார். எத்தனை என்று எண்ணாமல் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்துதான் எண்ணினேன்; பதினொன்று.

செக்கிங்கின் கழுத்தில் அந்தக் கத்தரிக்காய்க் கலர் போக நாலு மாதம் ஆனது. பிறகு ஏழு வருடம் அது எங்கள் வாசலில் இருந்தது. ஏழு இட்லிதான் மேசைக்கு வரும்; நான் கேட்டதில்லை. இப்போது அது இல்லை. இன்றைக்கும் காலை நடையில் அடிகளை எண்ணிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் நூறு அடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கிறேன். அதில் கணக்கு விட்டுப் போனால், போகட்டும் என்று மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.